பட்டறைத் தூசியும் நமது பொறுப்பும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலைப்பொழுது, நம்மிடம் முன்னர் கல்வி கற்ற மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். க. பொ. த. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, தெருவோரத்து மோட்டார்க் கராஜ் ஒன்றிலே வாகனங்களுக்கு வர்ணம் விசிறும் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். இரண்டு வருடங்கள் கழிந்திருந்தன. இரவில் நெஞ்சு இறுகுகின்றது, விடியற்புறத்திலே இருமல் எழுப்பிவிடுகின்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓரளவு சுகம் என்றான். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போயிருக்கிறான். மருந்து கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் நம்மிடம் மருந்து கேட்டு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தான். "சேர், வேலையை விட்டால் வீட்டிலை அடுப்பு எரியாது. விடாட்டி மூச்சு விடேலாது. இதிலை ஆரைக் குறை சொல்லுறது? முதலாளியும் நல்ல மனிசன்தான். அவரும் என்னோடை நிண்டுதான் பெயின்ற் அடிக்கிறார். அவருக்கும் இருமல்."

இக்கேள்விக்கு அன்று நம்மால் விடை கூற முடியவில்லை. பின்னர் பல நாட்கள் எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

அநீதி என்றதும் அதனை இழைத்தவன் ஒருவனைத் தேடுவது நம் மனத்தின் பழக்கம். பழைய அறநூல்கள் அவனைப் பாவி என்றன. நாம் அவனைச் சுரண்டுபவன் என்கிறோம். பெயர் வேறாயினும் தேடும் முறை ஏறத்தாழ ஒன்றே. பெருந்தோட்டத்தையோ, நூற்றுக் கணக்கானோர் வேலைசெய்யும் ஆலையையோ நோக்குங்கால் இம்முறை பெரிதும் பிழைப்பதில்லை. இலாபம் எங்கே போகின்றது, நோய் எங்கே தங்குகின்றது என்பது அங்கே வெளிப்படை. ஆனால் மூன்று தகரங்களைச் சாய்த்துக் கட்டிய கொட்டிலுக்குள் முதலாளியும் தொழிலாளியும் ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு நிற்கும்போது நாம் யாரைச் சுட்டுவது? முதலாளி என்று அழைக்கப்படுபவர் பத்து வருடங்களுக்கு முன்னர் வேறொரு கொட்டிலிலே தொழிலாளியாக நின்றவர். கடன்பட்டுக் காற்றமுக்கி ஒன்றை வாங்கியதனால் முதலாளி ஆனவர். அவரைக் கொடியவர் என்றால் அது பொய்யாகும். ஆகவே தவறே நிகழவில்லை என்றால் அதுவோ அதனினும் பெரிய பொய்.

தவறு செய்தவன் தென்படாத தவறு: சிறு தொழில்களிலே வேலைசெய்வோரின் உடல்நலம் பற்றிய பிரச்சினை இதுவென்றே நாம் கருதுகின்றோம். இத்தகைய பிரச்சினைகளை நாம் எளிதிற் கைவிட்டுவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோபங்கொள்ள ஓர் ஆள் இல்லாவிடின் நமது மனச்சாட்சியும் உறங்கிவிடுகின்றது.

இக்கேள்வி சட்ட மன்றங்களுக்குப் புதிதன்று. 1837ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட பிறீஸ்லி எதிர் பவுலர் என்னும் வழக்கு இன்றும் சட்டம் கற்போரிடையே பேசப்படுவது. பவுலர் பெரிய ஆலை முதலாளி அல்லர். ஓர் இறைச்சிக் கடைக்காரர். பிறீஸ்லி அவரிடம் வேலைசெய்த பையன். அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்து விழ, பையனின் தொடையெலும்பு முறிந்தது. நட்டஈடு கோரினான். நீதிபதி அபிங்கர் பிரபு மறுத்துவிட்டார். அவர் கூறிய நியாயங்கள் கவனிக்கத்தக்கன. இவ்வழக்கை ஏற்றால் வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்தாள் என்பதற்காகவும் எசமான் தண்டம் கட்ட நேரிடும் என்றார். ஆபத்து என்று அஞ்சினால் அவ்வேலையை மறுக்கும் சுதந்திரம் வேலைக்காரனுக்கு உண்டு என்றார். அத்தோடு, வண்டியின் நிலைமை எசமானுக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவுக்கு வேலைக்காரனுக்கும் தெரிந்திருக்கும் என்றார். இத்தீர்ப்பிலிருந்து கிளைத்த கோட்பாடு, உடன் வேலை செய்பவனின் தவறினால் விளையும் தீங்குக்கு எசமான் பொறுப்பல்லன் என்பது, இங்கிலாந்திலே 1948ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தது.

சட்டம் மறைந்தது, நியாயம் மறையவில்லை. "விரும்பித்தானே வந்தான்", "பிடிக்காவிட்டாற் போகலாமே" என்று இன்றும் நம்மிற் படித்தவர்களே கூறக் கேட்கிறோம். இதற்கு, 'பசி சம்மதிக்கின்றது, மனிதன் சம்மதிக்கவில்லை' என்று முற்போக்காளர் சட்டென விடை கூறுவர். அது மெய்யே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிட்டால் விடயத்தின் பாதியைத்தான் கண்டவர்களாவோம். நம் மாணவனின் நிலையை ஊன்றி நோக்குவோமாயின் பசியைக் காட்டிலும் நுணுக்கமான ஒன்று புலனாகும்.

இன்று வாகனங்களுக்குப் பூசும் வர்ணங்களிற் பல இரண்டு திரவங்களைக் கலந்து ஆக்கப்படுவன. அவற்றுள் ஒன்று வர்ணத்தை இறுகச் செய்வது. கராஜ்களிலே இதனை ஹாட்னர் என்பர். அதிலே ஐசோசயனேற்று என்னும் இரசாயனச் சேர்வை உண்டு. இது தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. இதன் இயல்பு விசித்திரமானது. சுவாசிப்பவனுக்குப் பல மாதங்கள், சில வேளை வருடங்கள், ஒன்றும் நேர்வதில்லை. பின்னர் ஒரு நாள் உடல் அதனைப் பகையாகக் கொள்கின்றது. அதன்பின் மிகச் சிறிய அளவும் நெஞ்சை இறுக்கப் போதுமானது. மூக்கும் இங்கே காவற்காரனாகாது. வாசனை தெரியும் முன்பே காற்றிலுள்ள அளவு ஆபத்தான எல்லையைக் கடந்திருக்கலாம். வேலைநாட்களில் வருத்தமும் விடுமுறையிற் சுகமும் என்று அவன் சொன்னதே நோயின் பெயரைச் சொன்னது போலாகும். கேட்கத் தெரிந்த செவிதான் இல்லை.

இப்போது சம்மதம் என்ற சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். உடைந்த வண்டியைப் பிறீஸ்லி கண்ணாற் கண்டிருக்கலாம். நுரையீரலுக்குள் நிகழ்வதை நம் மாணவன் எங்ஙனம் காண்பான்? அறியாத ஒன்றுக்கு எவரும் சம்மதிக்க முடியாது. முதலாளிக்கும் அது தெரியாது என்பதே இங்குள்ள துயரம். கருங்கல் உடைக்கும் இடத்தில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நெஞ்சிலே தழும்பை உண்டாக்குகின்றது. தூசியை விட்டு விலகிய பின்னரும் அந்நோய் வளரக்கூடும். காசநோயையும் அது எளிதிற் கூட்டி வரும். அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. பற்றரிகளை உடைத்து ஈயம் எடுப்பவன் உடுப்பிலே படிந்த ஈயத்தை வீட்டுக்குக் கொண்டு போகின்றான். அவனுடைய குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கின்றது. குழந்தை எந்த ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டது?

ஆகவே, தொழிற் சுகாதார சேவை என்று நாம் சொல்லும்போது மருந்துப் போத்தலை மட்டும் கருதவில்லை. ஒருவன் எதற்குச் சம்மதிக்கிறான் என்பதை அவனுக்கு அறிவிப்பதே அச்சேவையின் முதற் கடமை. அறிவு கிடைக்காத இடத்திலே சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து.

இத்துறையின் தந்தை எனப்படுபவர் இத்தாலிய வைத்தியர் பேர்னாடினோ றமசீனி. மொடேனா நகரிலே தமது வீட்டு மலக்குழியைச் சுத்தஞ் செய்த மனிதன் ஏன் இவ்வளவு விரைகின்றான் என்று அவர் வினவினார். நெடுநேரம் நின்றால் கண் பார்வை கெட்டுவிடும் என்று அவன் விடையளித்தான். அந்த விடையிலிருந்து தொடங்கிய தேடல் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றிய நூலாக வெளிவந்தது. நோயாளியிடம் கேட்கவேண்டும் என முன்னோர் வகுத்த வினாக்களோடு, உன் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்க்கும்படி அந்நூலில் அவர் வேண்டினார். பெரும் ஆலைகள் தோன்றாத காலம் அது. அவர் கண்டவர்கள் ரொட்டி சுடுவோர், குயவர், கொல்லர், கல்வெட்டுவோர் முதலான சிறு பட்டறை மனிதர்களே. தொழிற் சுகாதாரம் என்னும் கல்வி பிறந்த இடமே சிறு பட்டறைதான். பின்னர் அது பெரிய ஆலைகளுக்குக் குடிபெயர்ந்து, பிறந்த வீட்டை மறந்துவிட்டது.

அவ்வினாவின் வலிமைக்கு நம் காலத்துக்கு அண்மையான சான்றொன்று உண்டு. இங்கிலாந்திலே ஹை விக்கம் என்னும் ஊர் மரத் தளபாடங்களுக்குப் பேர்போனது. அங்கு காது, மூக்கு, தொண்டை வைத்தியராயிருந்த எஸ்மி ஹட்பீல்ட் அம்மையார், மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் தம்மிடம் வருவோரிடையே அடிக்கடி தோன்றுவதைக் கண்டார். அவர்களோ தளபாட வேலை செய்தவர்கள். ஒக்ஸ்போர்ட் வைத்தியர்களோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி 1968இல் வெளியாயிற்று. மறு வருடமே அந்நாட்டு அரசு அந்நோயை நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூள் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் என உறுதிப்படுத்தியது. நமது மொறட்டுவையும் ஒரு ஹை விக்கம்தான். ஒழுங்கைக்கு ஒழுங்கை தச்சுப் பட்டறைகள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை வீடுகளின் கதிரை, மேசை, அலுமாரிகள் அங்கே பிறந்தவை! நாம் இதனை எழுதும் மேசையும் எங்கோ ஒரு தச்சனின் மூக்கு வழியாக வந்ததே.

இனி, சிறு பட்டறை ஏன் விடுபட்டுப்போயிற்று என்று நோக்குவோம். பல நாடுகளின் சட்டங்கள் ஆட்தொகையைக் கணக்கிட்டே கடமையை விதிக்கின்றன. யப்பானிலே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐம்பது பேருக்குக் குறையாது வேலைசெய்யும் இடங்களிலேதான் தொழில் வைத்தியர் ஒருவரை நியமித்தல் கட்டாயம். நாற்பத்தொன்பது பேர் உள்ள இடத்தில் நுரையீரல் வேறு இனத்ததாகிவிடுமா? நிருவாக வசதிக்காகக் கீறப்பட்ட கோடு காலப்போக்கில் ஒழுக்கக் கோடாக மாறிவிடுகின்றது. கோட்டுக்கு இப்பால் நிகழ்வது எவருடைய பொறுப்புமன்று என்ற எண்ணம் வேரூன்றிவிடுகின்றது.

இங்கிலாந்தும் 1867இல் இவ்வாறே செய்தது. ஐம்பது பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அதனை நடைமுறைப்படுத்தும் வேலையை உள்ளூர் அதிகார சபைகளிடம் ஒப்படைத்தது. அது ஏட்டுச் சுரைக்காயாயிற்று. 1871இல் அவ்வதிகாரத்தை மீட்டுத் தொழிற்சாலைப் பரிசோதகரிடம் கொடுத்தார்கள். ஒரே வீச்சில் இலட்சத்துக்கு மேற்பட்ட பட்டறைகளைப் பரிசோதகரின் தலையிற் சுமத்திய பாராளுமன்றம், அதற்கென எட்டு உதவியாளரை மட்டுமே கூட்டியது என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதற் பாகத்திலே எள்ளலோடு குறிப்பிடுகின்றார். சட்டத்தை நிறைவேற்றியும் நிறைவேற்றாமலும் இருப்பதற்கு இதனினும் சிறந்த வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நம் நாட்டில் 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டங்களாயினும் தொழிலாளரின் போராட்டங்கள் இல்லாமல் அவை வந்திரா. ஆயினும் வீட்டுப் பின்வளவிலே கொட்டில் போட்டிருக்கும் ஒருவர், தமது கொட்டிலும் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாகலாம் என்பதைக் கனவிலும் கருதுவதில்லை. நட்டஈட்டுச் சட்டத்திலோ வேறொரு குறை இருக்கின்றது. நட்டஈட்டைக் கொடுக்கவேண்டியவர் அந்தந்த முதலாளியே. கராஜ்க்காரரிடம் வழக்குப் பேசி வென்றாலும் அவரிடமிருந்து எதனைப் பெறுவது? காற்றமுக்கியை விற்றுக் கொடுத்தால் கராஜ் மூடப்படும். மற்ற இருவரும் தெருவில் நிற்பர். எனவேதான் தொழிலாளி வழக்குக்குப் போவதேயில்லை. அவனது மௌனத்தைப் பார்த்து, இங்கே நோயே இல்லை என்று புள்ளிவிபரம் எழுதப்படுகின்றது.

இது சிறு தொகையினரின் பிரச்சினை என எண்ணுதல் தவறு. 2013–14ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையிலே விவசாயஞ் சாராத தாபனங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றிற் பத்துக்கு ஒன்பது மிகச் சிறியவை. முதலாளித்துவம் வளர வளரச் சிற்றுடைமையாளன் மறைந்துபோவான் என்று நம்மிற் பலர் பாடமாகக் கற்றோம். அவன் மறையவில்லை. அவன் மறையும் வரை காத்திருப்போம் என்று அவனிடம் கூலிக்கு நிற்பவனை நாமும் மறந்துவிட்டோம்.

இவ்விடத்தில் இடதுசாரி இயக்கத்தின் குறையையும் கூறாதுவிடுவது நேர்மையாகாது. 1923ஆம் ஆண்டுக் கொழும்புப் பொது வேலைநிறுத்தந் தொட்டு நம் தொழிற்சங்கங்கள் சாதித்தவை மகத்தானவை. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் தோட்டங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் சங்கம் வேரூன்றியது. ஆசிரியராகிய நமக்கும் சங்கம் உண்டு. மூன்று பேர் வேலைசெய்யும் கராஜிலே வேலைநிறுத்தம் எப்படிச் செய்வது? பிற்பகலிலே அது முடிந்துவிடும். மறுநாட் காலையில் வேறு மூன்று பேர் நிற்பர். சங்கம் எழ முடியாத இடத்தில் உரிமையும் எழ முடியாது என்றால், அமைப்புப் பலம் உள்ளவனுக்கே நியாயம் என்றாகின்றது. பலமுள்ளவனே நியாயவான் என்பது நாம் எதிர்த்துப் போராடிய கோட்பாடல்லவா?

செலவு என்னும் தடையைக் காட்டுவாருமுளர். சிறு கைத்தொழிலின் கழுத்தில் வைத்தியரையும் கட்டித் தொங்கவிட்டால் அது மூச்சுத் திணறிச் சாகும் என்பர். இதனை ஏளனஞ் செய்ய நாம் முற்படவில்லை. தனித்தனிக் கராஜ்களை எண்ணினால் அது உண்மையே. ஆனால் ஏன் தனித்தனியாக எண்ணவேண்டும்? 1884இலே ஜெர்மனியில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியபோது, ஒரே தொழிலைச் சேர்ந்த முதலாளிகள் யாவரும் பொது நிதிக்குப் பணஞ் செலுத்தவும், விபத்துற்ற தொழிலாளிக்கு அந்நிதியிலிருந்து கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. அதனைக் கொண்டுவந்த பிஸ்மார்க் சோசலிசவாதிகளை 1878இற் சட்டத்தால் ஒடுக்கியவர். தொழிலாளர் மீதுள்ள அன்பினால் அவர் இதனைச் செய்தார் என்று எவருஞ் சொல்லார். தனி முதலாளியின் தவறு என்ற கேள்வியைப் பின்னே தள்ளி, தொழிலின் தீங்கைத் தொழில் முழுவதும் சுமக்கட்டும் என்ற கொள்கையை ஒரு பிற்போக்காளரே ஏற்க நேர்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

பின்லாந்து இன்னும் ஓரடி முன்னே சென்றது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவரை மட்டும் வேலைக்கு வைத்திருப்பவரும் அவருக்குத் தொழிற் சுகாதார சேவை கிடைக்க ஒழுங்கு செய்தாக வேண்டும் என்றாயிற்று. அதற்கென அவர் தனி வைத்தியரைத் தேட வேண்டியிருக்கவில்லை. உள்ளூராட்சிச் சுகாதார நிலையம், கேட்டால் அச்சேவையை வழங்கியாகவேண்டியிருந்தது. செலவில் ஒரு பகுதியைச் சமூகக் காப்புறுதி மீளக் கொடுக்கின்றது. எல்லாத் துறைத் தொழிலாளருக்கும் படிப்படியாக இச்சேவை எட்டவேண்டும் என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1985இல் 161ஆம் இலக்கச் சமவாயத்தை ஆக்கியது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, பாதுகாப்பும் சுகாதாரமுமுள்ள வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளின் வரிசையிலே சேர்த்தது. வருடந்தோறும் உலகில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் வேலையின் காரணமாக இறக்கின்றனர் என அந்நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களிற் பெரும் பகுதியினர் விபத்தினாலன்றி நோயினாலேயே இறக்கின்றனர்.

பின்லாந்து பணக்கார நாடு, நாம் ஏழைகள் என்று கூறித் தப்ப நமக்கு உரிமை குறைவு. ஏனெனில், பணமின்றியும் வீடு தேடிச் செல்லும் சுகாதார சேவையை அமைத்துக் காட்டிய நாடு நம்முடையது. 1926இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவியது. குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்து வந்து கர்ப்பிணியைப் பார்க்கிறார். குழந்தையின் நிறையைக் குறிக்கிறார். தாயின் கையிற் பணம் உண்டா என்று அவர் கேட்பதில்லை. அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, ஐம்பதுக்குக் குறைவாயின் திரும்பிப் போவதுமில்லை! அதே போல, ஒரேயொருவரை வேலைக்கு வைத்திருப்பவரும் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டவேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. பலர் கட்டாது ஏய்க்கின்றனர் என்பது வேறு கதை, கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. முதுமையிற் கையிற் காசிருக்க வேண்டும் என்று கருதிய சட்டம், முதுமையை அடைய நெஞ்சிருக்க வேண்டும் என்பதையும் கருதலாகாதா?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நம் ஊர்ப் பேக்கரிக்கு வருவதைக் கண்டிருக்கிறோம். மா மூடியிருக்கின்றதா, தட்டுச் சுத்தமா, ஈ மொய்க்கின்றதா என்று பார்க்கிறார். பார்க்கத்தான் வேண்டும். தொழிற் சுகாதாரமும் அவருடைய கடமைப் பட்டியலில் உண்டு. ஆயினும் டெங்கும், உணவும், தடுப்பூசியும் அவரை விழுங்கிவிட, பாணைத் தின்பவனுக்காக அக்கட்டிடத்துள் நுழையும் கண், பாணைச் சுடுபவனிடம் தங்குவதில்லை. மாத்தூசி ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது பழைய செய்தி. ரொட்டி சுடுவோரின் இருமலை றமசீனியே எழுதியிருக்கின்றார். வேலையாளைப் பாதுகாக்கப் புதிதாக ஓர் இயந்திரத்தை ஆக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம். வாசலைத் தாண்டிய ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவருக்கு ஆளுதவியும் பயிற்சியும் நேரமும் கொடுக்கவேண்டும்.

வருபவர் தண்டச் சீட்டோடு மட்டும் வருவாராயின் கதவு சாத்தப்படும். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே சாத்துவர். கல்லறுக்கும்போது நீர் தெளித்தால் தூசி அடங்கும். வாளின் அருகே உறிஞ்சு குழாய் ஒன்றை வைத்தால் மரத்தூள் மூக்கை எட்டாது. வர்ணம் விசிறும் இடத்தை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காற்றை வெளியே இழுக்கலாம். இவற்றைச் செய்து காட்டும் ஒருவரே முதலிற் தேவை; செய்ய மறுப்பவரிடம் சட்டம் பின்னர் வரட்டும். முகமூடியைப் பற்றி நமக்கு ஓர் ஐயம் உண்டு. அது வேண்டாம் என்பதல்ல. புகைக்கேற்ற முகமூடி வேறு, கடையில் விற்கும் துணி வேறு. பத்து ரூபாய்த் துணியைக் கையிற் கொடுத்துவிட்டு, பின் நோய் வந்ததும் "போடச் சொன்னோம், அவன் போடவில்லை" என்று கூறும் வழக்கம் பரவி வருகின்றது. அபிங்கர் பிரபு இப்போது துணி முகமூடி அணிந்து வந்திருக்கின்றார் போலும்.

இவையனைத்தையும் விடக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. வைத்தியர் வந்து பரிசோதித்து, உனக்குத் தொழிலால் வந்த ஆஸ்துமா, இனி இவ்வேலை கூடாது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். அதன்பின்? வேறு வேலையுமின்றி, பயிற்சிக் காலத்துக்கு உதவிப் பணமுமின்றி வீட்டுக்குச் செல்பவனுக்கு அவ்வுண்மை என்ன செய்யும்? நோயை மறைத்தாவது வேலையிலே நிற்கத் தொழிலாளர் முயல்வதை அறியாமை என்று வைத்தியர்கள் கருதுவதுண்டு. அது அறியாமையன்று, கணக்கு. பரிசோதனையை மட்டும் தந்து பாதுகாப்பைத் தராத சேவை, சில வேளை கொடுமையாகவும் முடியலாம். ஆகையாற் கிளினிக்கையும் பொது நிதியையும் ஒன்றாகவே கோரவேண்டும். ஒன்று முதலில் வரட்டும், மற்றது பார்ப்போம் என்ற ஏற்பாட்டை நாம் நம்பவில்லை.

நம் மாணவனுக்கு நாம் செய்தது மிகச் சிறிது. ஒரு துண்டுக் கடதாசியில், "இரண்டு வருடமாக மோட்டார் வாகனங்களுக்கு வர்ணம் விசிறுபவர், ஞாயிறுகளிற் சுகம்" என்று எழுதி, அடுத்த முறை மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் கொடு என்றோம். டாக்டர் அதனை வாசித்துவிட்டு, அவனை நெடுநேரம் விசாரித்தாராம். பெயின்ற் ரின்னைக் கொண்டு வா, மேலே ஒட்டியிருப்பதைப் பார்க்கவேண்டும் என்றாராம்.

அடுத்த கிளினிக் நாளில் ரின்னைக் கொண்டு போனவர் கராஜ் முதலாளி. கடையைப் பூட்டிவிட்டு அவனையும் மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ரின்னின் பக்கத்திலே ஆங்கிலத்திற் பொடியெழுத்தாக எழுதியிருந்ததை டாக்டர் இருவருக்கும் தமிழிற் சொன்னார். பத்து வருடமாக அந்த ரின்னைத் திறந்து வருகிறேன், அதிலை இப்படி எழுதியிருக்கிறதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை என்று முதலாளி கூறினாராம். பிறகு தமக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வரிசையிற் போய் இருந்தார்.